வாசகர் கேள்வி பதில்: ஜான் லூயிஸ் – பாலத்தில் அடிபட்டவர் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்?

அமெரிக்க சிவில் உரிமைப் போராளியும், 33 ஆண்டுகள் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தவருமான ஜான் லூயிஸைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: ஜான் லூயிஸ் என்றால் மார்ட்டின் லூதர் கிங்கின் சீடர் என்று மட்டும்தான் படித்திருக்கிறேன். அவர் பின்னணி என்ன?

சீடர் என்பது பாதி உண்மைதான். கிங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர். ஆனால் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் வேறொருவர், லூயிஸ் தலைமை வகித்த அமைப்பும் கிங்கின் அமைப்பு அல்ல.

1940 பிப்ரவரி 21 அன்று அலபாமா மாநிலத்தின் டிராய் ஊருக்கு வெளியே, பைக் மாவட்டத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். பெற்றோர் பிறர் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். 1944-ல் சேமித்த 300 டாலரைக் கொடுத்து 110 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு இது சாதாரணக் காரியம் அல்ல. சிறுவன் லூயிஸுக்குக் கிடைத்த வேலை கோழி வளர்ப்பு. பாதிரியாராக வேண்டும் என்ற ஆசையில் அந்தக் கோழிகளுக்கே பிரசங்கம் செய்து பழகினார்.

1956-ல், 16 வயதில், ஊர்ப் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டார். வெள்ளையருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே நூலகத்திலிருந்து அட்டை கிடைத்தது 1998-ல், அவர் நாடாளுமன்ற உறுப்பினராகிப் பதினோரு ஆண்டு கழித்து.

1957-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் உள்ள அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கட்டணத்துக்குப் பதில் உழைப்பைக் கொடுக்கலாம். சமையலறையில் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துப் படித்தார். வெள்ளையர் மட்டும் படித்த டிராய் மாநிலக் கல்லூரியில் இடம் கேட்டு வழக்குத் தொடுக்க விரும்பி, 1958-ல் கிங்கை நேரில் சந்தித்தார். லூயிஸ் அப்போது மைனர், பெற்றோர் கையெழுத்து வேண்டும். வீடு எரியும், நிலம் போகும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த வழக்கு எழும்பவே இல்லை.

கேள்வி: அடித்தாலும் திருப்பி அடிக்காமல் இருப்பது பொறுமையான சுபாவம் உள்ளவர்களுக்குத்தானே முடியும்? சாதாரண மாணவர்கள் எப்படி அத்தனை பேர் அப்படி இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் லூயிஸின் வாழ்க்கையில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இதுதான். அது சுபாவம் அல்ல, பயிற்சி. மாதக்கணக்கில், வாரா வாரம் நடந்த ஒத்திகை.

பயிற்சியளித்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். 1953 முதல் 1956 வரை நாக்பூரில் மெதடிஸ்ட் ஊழியராக இருந்து காந்தியின் சத்தியாகிரக முறைகளைப் படித்தார். திரும்பி வந்து நாஷ்வில்லில், கிளார்க் மெமோரியல் தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களைக் கூட்டினார். லூயிஸ், டயான் நாஷ், பெர்னார்ட் லாஃபயெட், ஜேம்ஸ் பெவெல், இவர்களெல்லாம் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள்.

முதலில் படிப்பு, பிறகு நடிப்பு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதைக் கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுக்கும் சிற்றுண்டிக் கடையின் கவுண்ட்டராக வைத்துக்கொள்வார்கள். சிலர் வாடிக்கையாளர், சிலர் ரவுடிக் கூட்டம். ரவுடிகளாக நடிப்பவர்கள் சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், கேட்கக் கூசும் வார்த்தைகளில் திட்டுவார்கள், நாற்காலியோடு தள்ளிவிடுவார்கள். விழுந்தவர் எப்படி விழ வேண்டும் என்பதும் பாடம்: உடலைச் சுருட்டி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கைகளால் தலையையும் கழுத்தையும் மூட வேண்டும். முடிந்தவரை அடிப்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்கிறவனை மனிதன் என்று மறப்பது கடினம். ஒருவரை மட்டும் குறிவைத்து அடித்தால் பக்கத்தில் இருப்பவர் தம் உடலை நடுவில் கொடுக்க வேண்டும். அடியைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் யாருக்கும் உயிருக்கு ஆபத்து வராது என்பது கணக்கு. கோபம் தலைக்கேறும் என்று தோன்றுகிறவரைக் களத்துக்கு அனுப்பாமல் வேறு வேலை கொடுத்தார்கள்.

1959 நவம்பர், டிசம்பரில் இரண்டு பெரிய கடைகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். சாப்பாடு கேட்பது, மறுத்தால் மேலாளரிடம் காரணம் கேட்பது, எழுந்து வந்துவிடுவது. சட்டென்று ஆரம்பிக்காமல், எதிராளி என்ன சொல்கிறான் என்பதை முதலில் பதிவு செய்துகொண்டார்கள்.

1960 பிப்ரவரி 13 அன்று 124 மாணவர்கள் வுல்வொர்த், கிரெஸ், மெக்லெலன் ஆகிய கடைகளின் கவுண்ட்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். கோயிலுக்குப் போவதுபோல நல்ல உடை, கையில் பாடப்புத்தகம். இரண்டு வாரத்தில் போலீஸ் விலகிக்கொண்டு ரவுடிகளை உள்ளே விடப்போகிறது என்ற தகவல் வந்தது. அப்போது லூயிஸும் லாஃபயெட்டும் விதிகளை எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். திருப்பி அடிக்காதே, திட்டாதே. சத்தமாகச் சிரிக்காதே. கடைக் கண்காணிப்பாளரோடு பேச்சுக் கொடுக்காதே. குழுத் தலைவர் சொல்லாமல் இடத்தைவிட்டு எழாதே. நிமிர்ந்து உட்கார், முகம் எப்போதும் கவுண்ட்டரைப் பார்த்து இருக்கட்டும். விவரம் கேட்பவர்களைப் பணிவாகத் தலைவரிடம் அனுப்பு. கடைசி வரி, இயேசு, காந்தி, கிங் ஆகியோரின் போதனைகளை நினைவில் வை என்பது.

பிப்ரவரி 27 அன்று அந்தத் தாக்குதல் நடந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைக் கைது செய்தார்கள். முதல் அணியை வண்டியில் ஏற்றியதும் இரண்டாவது அணி வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது, பிறகு மூன்றாவது. எண்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்; லூயிஸுக்கு அதுதான் முதல் கைது. 50 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள். காசு கட்டினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். சிறை நிரம்பினால் செலவும் நெருக்கடியும் நகராட்சிக்கு.

ஏப்ரல் 19 அன்று மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகராட்சிக் கட்டடம் வரை நடந்தார்கள். நிறத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பாகுபடுத்துவது தவறில்லையா என்று டயான் நாஷ் மேயர் பென் வெஸ்ட்டை நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளின் கவுண்ட்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.

கேள்வி: 'சுதந்திரப் பயணம்' எதற்கு? தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதே?

வந்துவிட்டதுதான். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்குப் பேருந்து நிலைய உணவகம், காத்திருப்பு அறை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தென்மாநிலங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை, மத்திய அரசும் வற்புறுத்தவில்லை. எனவே தீர்ப்பின்படி நடந்து காட்டுவதுதான் போராட்டம்.

1961 மே 4 அன்று வாஷிங்டனிலிருந்து 13 பேர் கிளம்பினார்கள். ஏழு கறுப்பினத்தவர், ஆறு வெள்ளையர். திட்டம் கச்சிதமானது. ஒவ்வொரு பேருந்திலும் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். வெள்ளையருக்கென ஒதுக்கிய முன்வரிசையில் குறைந்தது ஒரு கறுப்பர். ஒருவர் மட்டும் பழைய விதிப்படியே அடங்கி உட்கார வேண்டும். மற்றவர்கள் கைதானால் வெளியே இருந்து தகவல் சொல்லவும் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யவும் ஒருவர் வேண்டுமே.

மே 9 அன்று தென் கரோலினாவின் ராக் ஹில்லில் லூயிஸ் அடிபட்டார். மே 20 அன்று மான்ட்கோமரி பேருந்து நிலையத்தில் குளிர்பானப் பாட்டில்கள் அடுக்கும் மரப்பெட்டியால் தலையில் அடித்தார்கள், நினைவிழந்தார். பிறகு மிசிசிப்பியின் பார்ச்மன் சிறை. ஆனால் அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் பேருந்து நிலையங்களில் பாகுபாட்டுப் பலகைகளை அகற்ற வேண்டும் என்ற மத்திய ஆணை நடைமுறைக்கு வந்தது.

ராக் ஹில்லில் அடித்தவர்களில் ஒருவர் 2009-ல் லூயிஸின் அலுவலகத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மன்னித்தார், கட்டியணைத்தார்.

கேள்வி: 1963 வாஷிங்டன் பேரணியில் அவர் உரையை மாற்றச் சொன்னார்கள் என்பது உண்மையா?

உண்மை. மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவராக அந்த ஆண்டு ஜூனில்தான் தேர்வாகியிருந்தார். வயது 23, அன்று பேசியவர்களில் இளையவர். அரசின் சிவில் உரிமை மசோதாவை முழு மனதோடு ஆதரிக்க முடியாது, அது மிகக் குறைவு, மிகத் தாமதம் என்று முதல் வரைவு சொன்னது. உள்நாட்டுப் போரில் தெற்கை எரித்துக்கொண்டு சென்ற ஜெனரல் ஷெர்மனைப் போலத் தெற்கின் இதயத்தினூடே அணிவகுப்போம் என்றும் ஒரு வரி. பேராயர் ஓபாய்ல், இந்த உரை இருந்தால் தொடக்க ஜெபம் செய்ய மாட்டேன் என்றார். கடைசியில், லிங்கன் சிலைக்குப் பின்னால் இருந்த அறையில், 1941-லேயே இப்படி ஒரு பேரணியைத் திட்டமிட்ட முதியவர் பிலிப் ராண்டால்ஃப் கேட்டுக்கொண்டதால் திருத்தினார். ஷெர்மன் போனார், மசோதாவை ஆதரிக்கிறோம், ஆனால் பெரும் தயக்கத்தோடு என்று ஆனது. 'புரட்சி' என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாற்றிக்கொண்டது பலவீனம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், திருத்தப்பட்ட பிறகும் அன்றைய மேடையில் காரமான உரை அதுதான் என்று புரியும்.

கேள்வி: செல்மாவில் எதற்காக நடந்தார்கள்? பாலத்தில் உண்மையில் என்ன நடந்தது?

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க. அவ்வளவுதான் கோரிக்கை.

அலபாமாவில் செல்மா இருக்கும் டல்லஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 300. தடை ஒன்றல்ல, அடுக்கடுக்காகப் பல. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள், முதல் மற்றும் மூன்றாம் திங்கட்கிழமை, திறக்கும். நிற்க வேண்டுமானால் அன்றைய கூலி போகும். உள்ளே போனால் நீளமான படிவம். அரசியல் சட்டப் பகுதியைப் படிக்க, எழுத, விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. ஆசிரியர்களும் தேறாமல் திரும்பினார்கள். ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற விதியும் உண்டு. பட்டியலில் இருக்கும் கறுப்பர்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு என்றால் சாட்சிக்கு எங்கே போவது? இத்தனையும் தாண்டினால் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரி. வரிசையில் நிற்பவர்களைத் தடியோடு மிரட்ட, மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் ஜிம் கிளார்க்.

1965 பிப்ரவரி 18 அன்று பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் சுட்டார். 26-ஆம் தேதி இறந்தார். அதற்கு நியாயம் கேட்டு மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு 54 மைல் நடப்பது என்று முடிவானது. மார்ச் 7, ஞாயிறு. பிரவுன் சேப்பல் தேவாலயத்திலிருந்து சுமார் 600 பேர், இருவர் இருவராக. முன்னால் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த ஹோசியா வில்லியம்ஸும் லூயிஸும். கிங் அன்று ஊரில் இல்லை. லூயிஸின் முதுகுப் பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பற்பசை, பல் துலக்கி. மான்ட்கோமரி வரை போக விடுவார்கள் என்று நம்பவில்லை, சிறைக்குப் போகத் தயாராக வந்திருந்தார்.

போக்குவரத்தை மறித்தார்கள் என்று வழக்கு வரக்கூடாது என்பதற்காகப் பாலத்தின் நடைபாதையில்தான் நடந்தார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடேறி இறங்கும். உச்சிக்கு வரும்வரை மறுபக்கம் தெரியாது. உச்சியில் நின்று பார்த்தபோது கீழே நீலச் சீருடையில் மாநிலக் காவலர் வரிசை, பின்னால் குதிரைகளில் ஷெரிஃபின் ஆட்கள். கலைந்து போக இரண்டு நிமிடம் என்றார் அதிகாரி. திரும்பவும் முடியாது, முன்னேறவும் முடியாது; மண்டியிட்டு ஜெபிப்போம் என்று முடிவெடுக்கும் நேரத்துக்குள், இரண்டு நிமிடம் முடியும் முன்பே, காவலர்கள் பாய்ந்துவிட்டார்கள். தடி, கண்ணீர்ப்புகை, சாட்டை, குதிரைக் குளம்பு. லூயிஸின் மண்டை ஓட்டில் விரிசல். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். லூயிஸ் உடனே மருத்துவமனைக்குப் போகவில்லை. தேவாலயத்துக்குத் திரும்பி, வியட்நாமுக்குப் படை அனுப்பும் ஜனாதிபதி ஜான்சனால் செல்மாவுக்கு அனுப்ப முடியாதா என்று பேசிவிட்டுத்தான் போனார்.

அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சி, நாஜிக் குற்றவாளிகள் மீதான நியூரம்பர்க் விசாரணை பற்றிய படத்தை நடுவில் நிறுத்தி இந்தக் காட்சிகளைக் காட்டியது. நாடு கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த நடை எப்படி வெற்றி பெற்றது என்பதையும் கவனியுங்கள். நீதிபதி ஃபிராங்க் ஜான்சனிடம் வழக்குப் போட்டு, எத்தனை பேர், எந்த இரவு எங்கே தங்கல், சாப்பாடு, கழிப்பறை என்று எழுத்தில் திட்டம் கொடுத்தார்கள். மார்ச் 17 அன்று அனுமதி வந்தது: சாலை இருவழியாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக்கூடாது, மற்ற இடத்தில் எத்தனை பேரும் வரலாம். ராணுவப் பாதுகாப்போடு 21-ஆம் தேதி கிளம்பி 25-ஆம் தேதி மான்ட்கோமரி சேர்ந்தபோது கூட்டம் 25,000.

கேள்வி: அந்த அடியால் வந்த வாக்குரிமைச் சட்டம் பலன் தந்ததா? இப்போது அது செயலற்றுப் போனது என்கிறார்களே?

பலன் தந்தது, அதுவும் வேகமாக. 1965 ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். பயன்படுத்திய பேனாக்களில் ஒன்றை லூயிஸிடம் கொடுத்தார். மிசிசிப்பியில் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 1965-ல் 6.7 சதவீதம், 1967-ல் 59.8 சதவீதம். ஷெரிஃப் ஜிம் கிளார்க் 1966-ல் கட்சி முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். புது வாக்காளர்கள் யாரை மறக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

சட்டம் எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். நான்காவது பிரிவில் ஒரு கணக்கு: 1964 நவம்பர் 1 அன்று எழுத்தறிவுத் தேர்வு போன்ற ஏதாவது நடைமுறையில் இருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிப்பேர்கூடப் பதிவு செய்யவில்லை அல்லது வாக்களிக்கவில்லை என்றால் அந்தப் பகுதி சட்டத்தின் தனிக் கண்காணிப்புக்குள் வரும். அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா, வர்ஜீனியா, வட கரோலினாவின் பல மாவட்டங்கள் இப்படி உள்ளே வந்தன. அங்கே எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்படும், தேவைப்பட்டால் மத்திய அதிகாரிகளே வந்து பெயர் சேர்ப்பார்கள். ஐந்தாவது பிரிவுதான் சட்டத்தின் பல். கண்காணிப்பில் உள்ள பகுதி தேர்தல் விதி எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை நகர்த்துவது உட்பட, முதலில் வாஷிங்டனில் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு ஆட்சேபிக்க 60 நாள். மாற்றம் பாகுபாடற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்தின் தலையில். அதற்கு முன், பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு ஜெயிப்பதற்குள் இரண்டு தேர்தல் முடிந்துவிடும். ஜெயித்தால் மாநிலம் வேறொரு தடையைக் கண்டுபிடிக்கும். அந்த ஓட்டத்தைத்தான் முன் அனுமதி நிறுத்தியது.

1970, 1975, 1982-ல் சட்டம் நீட்டிக்கப்பட்டது. 2006-ல் லூயிஸ் முன்னின்று உழைத்த நீட்டிப்பு பிரதிநிதிகள் சபையில் 390–33 என்றும் செனட்டில் 98–0 என்றும் நிறைவேறியது. 25 ஆண்டுகளுக்கு.

ஏழே ஆண்டில், 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் நான்காவது பிரிவின் அந்தக் கணக்கு பழசாகிவிட்டது, செல்லாது என்றது. ஐந்தாவது பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் எந்தப் பகுதிக்கு முன் அனுமதி என்று சொல்லும் கணக்கே இல்லாமல் அதை எங்கே பொருத்துவது? புது வாய்ப்பாட்டோடு, லூயிஸின் பெயரிலேயே எழுதப்பட்ட மசோதா 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 219–212 என்று நிறைவேறியது. செனட்டில் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்கு கிடைக்காமல் நின்றது.

கேள்வி: சொந்த அமைப்பே அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியதாமே?

ஆம், 1966 மே மாதம். முதலில் அவரே மீண்டும் தேர்வானார். தேர்வு செல்லாது என்று சிலர் எதிர்க்க, நள்ளிரவு தாண்டியும் நீண்ட விவாதத்துக்குப் பிறகு மறு வாக்கெடுப்பில் ஸ்டோக்லி கார்மைக்கேல் வென்றார். அடி வாங்கியே களைத்துப்போன இளைஞர்கள் அகிம்சையையும் வெள்ளை மாளிகையோடு பேச்சுவார்த்தையையும் நம்புவதை விட்டிருந்தார்கள். அவர்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அமைப்பு அடுத்த சில ஆண்டுகளில் சிதறிப்போனது என்பதும் நடந்ததுதான்.

கேள்வி: போராளி அரசியல்வாதியானது எப்படி? எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தாரா?

இல்லை. போராட்ட மேடையிலிருந்து நேரே பதவிக்குப் போனவர் அல்ல. 1966-க்கும் 1986-க்கும் இடையில் இருபது ஆண்டு. பாலத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே உள்ள இந்தப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. அவரை அரசியல்வாதியாக்கியது இதுதான்.

1970 முதல் 1977 வரை அட்லாண்டாவிலிருந்து இயங்கிய வாக்காளர் கல்வித் திட்டத்தின் இயக்குநர். சட்டம் வந்துவிட்டாலும் பயந்தவர்களைக் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்ய வைக்க வேண்டுமே. உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு நிதி கொடுத்து, ஆள் பழக்கி, கணக்குக் கேட்கும் வேலை. கேமரா வராத வேலை.

1977-ல் ஜார்ஜியாவின் ஐந்தாவது தொகுதி எம்பியான ஆண்ட்ரூ யங் ஐ.நா. தூதராகப் போனதால் இடைத்தேர்தல். லூயிஸ் நின்றார்; இறுதிச் சுற்றில் வைச் ஃபௌலரிடம் தோற்றார். பிறகு ஜனாதிபதி கார்ட்டர் ஆட்சியில் தன்னார்வத் தொண்டுத் துறையில் பதவி. 1981-ல் அட்லாண்டா நகர்மன்ற உறுப்பினர். கார்ட்டர் நூலகத்துக்காகக் குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போகவிருந்த பெருஞ்சாலையை எதிர்த்தார். தமக்குப் பதவி கொடுத்தவர் பெயரால் வந்த திட்டம் என்றாலும். சாலை கடைசியில் சுருங்கி வேறு வடிவத்தில் வந்தது. 2018-ல் அந்தச் சாலைக்கே லூயிஸின் பெயரைச் சேர்த்தார்கள்.

1986-ல் ஃபௌலர் செனட்டுக்குப் போட்டியிட்டதால் அதே தொகுதி காலியானது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளருக்கான போட்டியில் எதிரே நின்றவர் ஜூலியன் பாண்ட். மாணவர் குழுவில் லூயிஸின் தோழர், அமைப்பின் செய்தித் தொடர்பைக் கவனித்தவர், இருபது ஆண்டு மாநிலச் சட்டமன்ற அனுபவம், தேசியப் புகழ். முதல் சுற்றில் பாண்டுக்கு 47 சதவீதம், லூயிஸுக்கு 35. ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மறு சுற்று. அந்த மூன்று சதவீதக் குறைவுதான் லூயிஸுக்குக் கிடைத்த வாசல்.

செப்டம்பர் 2 மறு சுற்றில் லூயிஸ் 52–48 என்று வென்றார். விடியற்காலையிலேயே பேருந்து நிறுத்தங்களில் நின்று வாக்காளர் கையைக் குலுக்கினார் என்பது ஒரு காரணம். இன்னொன்று எண்கணிதம்: கறுப்பினத்தவரில் பெரும்பான்மை பாண்டுக்கு வாக்களித்தது, வெள்ளையர் வாக்கில் மிகப் பெரும் பங்கு லூயிஸுக்கு வந்தது, சாலைப் பிரச்சினையில் அவர் பக்கம் நின்றவர்களும் அதில் உண்டு. மூன்றாவது காரணம் கசப்பானது. விவாத மேடையில், போதைப்பொருள் பரிசோதனைக்கு இருவரும் போவோமா என்று லூயிஸ் பாண்டை அழைத்தார். அந்த வதந்தி அப்போது ஊரில் இருந்தது. கால் நூற்றாண்டு நட்பு அதோடு முறிந்தது. லூயிஸின் வாழ்வில் நெருடலாக நிற்கும் செயல் அது. அவரை நேசிப்பவர்களும் அதை மறைக்கக் கூடாது.

கேள்வி: எம்பியாகி அவர் சாதித்தது என்ன? பெரும்பாலும் எதிர்க்கட்சியில்தானே இருந்தார்?

1987 முதல் இறக்கும் வரை, பதினேழு முறை தேர்வானார். 1991 முதல் கட்சியின் மூத்த துணைக் கொறடாக்களில் ஒருவர். அவர் பாணியைக் காட்ட ஓர் உதாரணம் போதும். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்குத் தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று 1988-ல் மசோதா கொண்டுவந்தார். அங்கே ஒரு நாடாளுமன்றத்தின் ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும், அடுத்த அவையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லூயிஸ் ஒவ்வொரு அவையிலும் மறுபடி மறுபடி கொண்டுவந்தார். 1994-ல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தடுத்தார். கடைசியில் குடியரசுக் கட்சியினர் சிலரையும் கூட்டுச் சேர்த்து, 2003 டிசம்பரில் சட்டமானது. 2016 செப்டம்பர் 24 அன்று கட்டடம் திறந்தது. சட்டமாகப் பதினைந்து ஆண்டு, அதன்பின் கட்டடம் திறக்க இன்னும் பதின்மூன்று ஆண்டு.

1996-ல் ஒரே பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்காது என்ற மசோதாவை எதிர்த்து வாக்களித்த 67 பேரில் அவரும் ஒருவர். அன்று அது வாக்கு சேர்க்கும் நிலைப்பாடே அல்ல. 2016 ஜூனில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்களை வாக்கெடுப்புக்கு விடக் கோரி அவையின் தரையிலேயே உட்கார்ந்தார், வயது 76. அவைக் கேமராக்களை அணைத்தார்கள். உறுப்பினர்கள் கைபேசியில் நேரலை செய்தார்கள். ஏறத்தாழ 25 மணி நேரம் நீடித்தது, வாக்கெடுப்பு நடக்கவில்லை. அறுபதுகளில் சுமார் 40 முறை கைதானவர், எம்பியான பின்னும் ஐந்து முறை கைதானார். தென்னாப்பிரிக்க, சூடான் தூதரகங்களின் முன் நடந்தவை அவற்றில் சேரும்.

கேள்வி: 'குட் ட்ரபிள்' என்று அவர் அடிக்கடி சொன்னதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'நல்ல வம்பு' என்பது பொருத்தம். வம்புக்குப் போகாதே என்று அவரை வளர்த்தார்கள். அநியாயத்தைக் கண்டால் நல்ல வம்பு, அவசியமான வம்பு செய் என்று அவர் இளைஞர்களுக்குச் சொன்னார். 'கலகம்' என்று மொழிபெயர்த்தால் அவர் கைவிடாத ஒழுங்கு அதில் காணாமல் போகிறது.

கேள்வி: அந்தப் பாலத்துக்கு ஏன் இன்னும் பழைய பெயர்?

எட்மண்ட் பெட்டஸ் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தளபதி, வெள்ளை நிறவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் தலைவர், செனட்டர். பாலம் திறந்தது 1940-ல், லூயிஸ் பிறந்த அதே ஆண்டு. லூயிஸின் பெயரை வைக்கக் கோரிக்கை எழுந்தது உண்டு. ஆனால் 2015-ல் லூயிஸே, செல்மா தொகுதி எம்பி டெர்ரி சூவலோடு சேர்ந்து, பெயரை மாற்ற வேண்டாம் என்று எழுதினார். வரலாற்றின் கெட்டதும் நல்லதும் சேர்ந்தே தெரியட்டும் என்பது அவர்கள் வாதம். 2020 ஜூலை 17 அன்று கணையப் புற்றுநோயால் இறந்த அவரது உடல், ஜூலை 26 அன்று குதிரை வண்டியில் அதே பாலத்தைக் கடந்தது. மறுபக்கத்தில் மாநிலக் காவலர்கள் சல்யூட் அடித்து நின்றார்கள்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கு அவரைப் பற்றிக் கட்டுரை தயாரிக்கிறேன். எந்தத் தவறுகளைத் தவிர்க்க வேண்டும்?

அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு. சுதந்திரப் பயணத்தின்போது அலபாமாவின் அனிஸ்டனில் எரிக்கப்பட்ட பேருந்தில் அவர் இருந்தார் என்று எழுதுகிறார்கள், இல்லை. ஒரு நேர்முகத் தேர்வுக்காக இடையில் இறங்கிப் பிலடெல்பியா போயிருந்தார், 1961 மே 14 தாக்குதலுக்குப் பின் நாஷ்வில் மாணவர்களோடு திரும்பச் சேர்ந்தார். செல்மா நடையை அவரது மாணவர் குழு நடத்தியது என்பதும் தவறு. குழு கலந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது, அவர் தனி மனிதராகத்தான் நடந்தார். வாக்குரிமைச் சட்டம் கறுப்பினத்தவருக்கு 'முதன்முறையாக' வாக்குரிமை தந்தது என்று எழுதாதீர்கள். அந்த உரிமை 1870-ன் பதினைந்தாவது திருத்தத்திலேயே உண்டு, 1965-ல் வந்தது அதைச் செயல்படுத்தும் கருவி. நான்காவது, படம். எலைஜா கம்மிங்ஸ் என்ற இன்னொரு எம்பியின் படத்தை லூயிஸ் என்று போட்டுவிடுகிறார்கள். 2020-ல் அஞ்சலி செலுத்திய ஒரு செனட்டரே அப்படிப் போட்டு, பிறகு திருத்தினார். பாலத்தில் எடுத்த படமானால், வெளிர்நிற மழைக்கோட்டும் முதுகில் பையுமாக முன்வரிசையில் நிற்பவர்தான் லூயிஸ்.